மோட்டார் சைக்கிளின் ஒயில் சம்ப் வெடித்தால் செய்ய வேண்டியவை



முன்னாளில் மரக்கறியைச் சந்தைக்கும், விதைநெல்லையும் பசளையையும் வயலுக்கும் மாட்டுவண்டி கொண்டு சென்றது. இன்று அவ்வேலையில் பெரும்பகுதியை மோட்டார் சைக்கிள் செய்கின்றது. வரம்பிலும் கல்லொழுங்கையிலும் பாரத்தோடு செல்லும் வண்டியின் அடிப்பாகம் கல்லில் மோதுதல் இயல்பே. அடிப்பாகத்திலேதான் எஞ்சின் எண்ணெய் தங்கும் கிண்ணம் உள்ளது. இதனைக் கராச்சில் ஒயில் சம்ப் என்பர். இது வெடித்தால் காலந்தாழ்த்தாது கவனித்தல் வேண்டும்.

வெடிப்பினால் விளையும் கேடு

நூறு சீ.சீ. அளவுள்ள வண்டி ஒன்றின் எஞ்சினில் ஏறக்குறைய 1 லீற்றர் எண்ணெயே உண்டு. பெரும்பாலான நாலடிப்பு எஞ்சின்களில் பிஸ்டன், கிளச், கியர் ஆகிய யாவற்றுக்கும் இந்த ஓர் எண்ணெயே உதவுகின்றது. இது குறைந்தால் உலோகத்தோடு உலோகம் உரைந்து, சூடேறி, எஞ்சின் இறுகிவிடும். சிறு வெடிப்பை அடைக்கும் செலவு சொற்பம். இறுகிய எஞ்சினைத் திருத்தும் செலவோ ஒரு போக மரக்கறி வருவாயை விழுங்கிவிடக்கூடும். ஒழுகும் எண்ணெய் பின்சில்லின் ரயரிற் படிந்தால் வண்டி வழுக்கி உயிருக்கும் ஆபத்தாகும். ஆதலின் எண்ணெய் ஒழுகும் வண்டியை ஓட்டற்க; தள்ளிச் செல்க, அல்லது வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்க.

ஒழுக்கின் இடத்தை அறிதல்

எண்ணெய் கசிவதெல்லாம் வெடிப்பன்று. எண்ணெய் இறக்கும் அடைப்பாணியின் வாசர் தேய்ந்திருக்கலாம். மூடியின் கஸ்கற் கிழிந்திருக்கலாம். எஞ்சினின் மூச்சுக்குழாய் சேற்றினால் அடைபட்டு, உள்ளே அமுக்கம் கூடி எண்ணெயை வெளித்தள்ளலாம். ஆகவே முதலில் அடிப்பாகத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு நன்கு கழுவித் துடைத்து உலரவிடுக. பின்னர் சுண்ணக்கட்டித் தூளையோ முகப்பவுடரையோ மெல்லியதாகத் தூவுக. சிறிது நேரத்தில் எண்ணெய் கசியுமிடத்திலே தூள் கறுத்துக் காட்டும். அடைப்பாணியிலே கறுத்தால் புதிய வாசர் இட்டாற் போதும். கோடாகக் கறுத்தால் அது வெடிப்பு.

எதை நாமே அடைக்கலாம்?

மயிரிழை போன்ற சிறு வெடிப்பு, மட்டமான சுவரில் இருக்குமாயின், வீட்டிலேயே அடைக்கலாம். சம்பில் எண்ணெய் தங்கி நிற்கின்றதேயன்றிப் பம்பியின் அமுக்கம் அங்கில்லை. ஆதலால் உலோகப் பசை அங்கே நிலைக்கும். ஆனால் அடைப்பாணியின் புரியை ஊடறுத்த வெடிப்பு, ஆணி பூட்டும் காதிலுள்ள வெடிப்பு, இரு பாகங்கள் பொருந்தும் முகத்திலுள்ள வெடிப்பு, துண்டு உடைந்து வீழ்ந்த துவாரம் ஆகியவற்றைப் பசையால் அடைக்க முயலற்க.

அடைக்கும் முறை

1. பெற்றோல் குழாயை மூடி, பற்றறியின் இணைப்பைக் கழற்றுக. திறந்த வெளியில், நெருப்பும் சுருட்டும் அணுகாத இடத்தில் வேலை செய்க.

2. எண்ணெய் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் இறக்குக. தனியாகக் கழற்றக்கூடிய சம்பாயின் கழற்றிக்கொள்வது நன்று. சிறு வண்டிகள் பலவற்றில் தனிச் சம்ப் இல்லை; எஞ்சின் கூட்டின் அடியே சம்பாகும். அவற்றில் வண்டியை ஒருபுறம் சாய்த்து, உறுதியாகத் தாங்கல் கொடுத்து வேலை செய்க.

3. வெடிப்பின் இரு முனைகளையும் கண்டு, ஒவ்வொரு முனையிலும் 2 மில்லிமீற்றர் துளை இடுக. இத்துளை வெடிப்பு மேலும் ஓடாது தடுக்கும். துளைக்கும் அலகில் கிறீஸ் தடவினால் உலோகத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

4. வெடிப்பின் நீளம் முழுவதும் அரத்தினால் சிறு சால் போல அகழ்க. சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு அரத்தாளால் உரைத்துச் சொரசொரப்பாக்குக. வரம்பிலுள்ள நண்டு வளையை மேலே சேறு பூசி மூடினால் மறுநாளே நீர் ஒழுகும்; தோண்டி, மண்ணிட்டு மிதித்தாலே நிற்கும். இதுவும் அத்தகையதே.

5. அசற்றோன் நனைத்த துணியால், துணி கறுக்காதவரை, திரும்பத்திரும்பத் துடைக்குக. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் எண்ணெய் ஒளிந்திருக்கும். இரவு முழுவதும் விட்டு, ஊறி வந்ததை மறுநாளும் துடைத்தல் வேண்டும். பசை பிடியாமைக்குப் பெரும்பாலும் இந்த எண்ணெய்ப்பசுமையே காரணம்.

6. உலோகத்தூள் கலந்த எப்பொக்சிப் பசையின் இரு பகுதிகளையும் உறையிற் கூறிய அளவிற் கலந்து, சாலினுள்ளும் துளைகளினுள்ளும் அழுத்திப் பூசி, மேலேயும் பரப்புக. எஞ்சின் எண்ணெய் 100 பாகை செல்சியசைக் கடந்தும் சூடேறும். அதனைத் தாங்குமென உறையில் எழுதப்பட்ட பசையையே வாங்குக. 24 மணி நேரம் அசையாது காயவிடுக.

சோதித்தல்

கழற்றிய சம்பாயின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றி ஓரிரவு வைக்குக. மண்ணெண்ணெய் எண்ணெயிலும் மெலியதாதலால் மிகச் சிறு வழியையும் கண்டு, சுண்ணத்தை நனைத்துவிடும். நனையாவிடின் வேலை செவ்வனே முடிந்ததாகும். கழற்றாத கூட்டிற்குள் மண்ணெண்ணெய் ஊற்றற்க. சிறிது புதிய எண்ணெயை ஊற்றி இறக்கி உலோகத்தூளைப் போக்கியபின், அளவுக்கு எண்ணெய் இட்டு, அடியில் கடதாசி விரித்து ஓரிரவு பார்க்குக. மோட்டார் சைக்கிளின் கிளச்சுக்கு ஏற்ற எண்ணெயையே இடுக. அடைப்பாணியை மிகையாக இறுக்குதல் தகாது. புதிய வெடிப்புக்கு அதுவே வழியாகும்.

வெல்டிங் செய்வதாயின்

பெரிய வெடிப்பை ஆர்கன் வாயுவுடன் அலுமினியம் வெல்டிங் செய்யும் பட்டறையிற் கொடுக்குக. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேற்படிந்த ஒட்சைட்டுப் படலமோ 2000 பாகையைக் கடந்தாலன்றி உருகாது. வாயிற் கதவு ஒட்டும் சாதாரண வெல்டிங் இதற்கு ஏலாமைக்குக் காரணம் இதுவே. சம்பைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தல் வேண்டும். வண்டியிற் பூட்டியபடி, பெற்றோல் தாங்கி மேலிருக்க, வெல்டிங் செய்ய ஒருபோதும் இடங்கொடுக்கற்க. நீரிறைக்கும் இயந்திரத்தினதும் இருசில்லு உழவு இயந்திரத்தினதும் அடிக்கூடு இரும்பு வார்ப்பாக இருத்தல் கூடும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. அதனைப் பட்டறையில் முன்னரே கூறுக.

பழைய எண்ணெய்

இறக்கிய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றற்க. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புக்கள் ஊடாக எதுவும் விரைந்து நன்னீருக்குச் சென்றுவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 ஆம் ஆண்டு தீர்ப்புப் பெற்றதை யாவரும் அறிவர். பழைய எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனைச் சேகரிக்கும் கராச்சில் ஒப்படைக்குக.

வருமுன் காத்தல்

எஞ்சினின் அடியில் இரும்புத் தகட்டுக் காப்பு ஒன்றைப் பூட்டுவிக்குக. சங்கிலியை உரிய தளர்விற் பேணுக; அறுந்த சங்கிலியும் எஞ்சின் கூட்டை உடைக்கும். வாரம் ஒருமுறை வண்டியை நிமிர்த்தி நிறுத்தி எண்ணெயின் மட்டத்தைப் பார்க்குக. காலையில் வயலின் நீர்மட்டம் பார்ப்பது போன்று இதனையும் பழக்கமாக்கிக்கொண்டால், வெடிப்புச் சிறிதாயிருக்கும்போதே கண்ணிற்படும்.