காப்பீட்டு அட்டையும் மனநிறைவும்

சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பும் நாளில், கட்டணம் செலுத்துமிடத்தில் சில குடும்பங்கள் கலங்கி நிற்கின்றன. மருத்துவத்தில் அவர்களுக்குக் குறையில்லை. “எல்லாவற்றையும் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்றல்லவா நினைத்தோம்?” என்பதே அவர்களின் வருத்தம். இவ்வருத்தத்தின் பெரும்பகுதி, முன்கூட்டியே அறிந்துகொள்வதால் நீங்கக்கூடியது.

பணமில்லாச் சிகிச்சை என்பது வரம்பில்லாச் சிகிச்சை அன்று. காப்பீட்டு நிறுவனம், தான் ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனைகளில், முன் அனுமதி அளித்த சிகிச்சைக்கு, பாலிசியின் வரம்புக்குள் மட்டுமே பணம் தருகிறது.

அறை வாடகையை எடுத்துக்கொள்வோம். உங்கள் பாலிசியின் வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் தேர்ந்த அறையின் வாடகை 8,000 ரூபாய் என்க. நான்கு நாட்களுக்குக் கூடுதல் வாடகை 12,000 ரூபாய். செலவு அத்துடன் நிற்பதில்லை. பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். அவை 40,000 ரூபாயானால், நிறுவனம் தருவது 25,000 மட்டுமே. ஆக, குடும்பம் ஏற்க வேண்டியது 27,000 ரூபாய். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றின் செலவுக்கு இவ்விகிதக் குறைப்பு பொருந்தாது.

எனவே சேர்க்கைக்கு முன் காப்பீட்டுப் பிரிவில் இவற்றைக் கேளுங்கள்:

1. இச்சிகிச்சைக்கு என் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டா?
2. அறை வாடகை வரம்பு எவ்வளவு?
3. நான் ஏற்க வேண்டிய பங்கு உண்டா?
4. எப்பொருட்களுக்குப் பணம் கிடைக்காது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், தம் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் கேட்டறிக.

காலதாமதமும் மனக்குறைக்குக் காரணமாகிறது. முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு கூற வேண்டுமென, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024இல் பணித்துள்ளது. அதற்கு மேல் தாமதமானால் மருத்துவமனை கோரும் கூடுதல் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாட்களில் தீர்வு கிட்டாவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நோயாளி மருத்துவரிடம் காட்டும் நம்பிக்கைக்கு இணையாக, அவர் குடும்பம் கணக்கைத் தெளிவாக அறிந்திருப்பதும் நலம் பெறுவதற்குத் துணையாகும்.