தூக்கம் வரும், தம்பி

தம்பி, பவுடரை விட்டு இது மூன்றாம் இரவு என்று அம்மா சொன்னாள். பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்த காலம் தொட்டு, உன்னைப் போன்ற பிள்ளைகளோடு விழித்திருந்தவன் சொல்கிறேன், கேள்.

1. பயப்படாதே. ஹெரோயின் உன் உடம்பின் விழிப்பை அமுக்கி வைத்திருந்தது. அது விலகியதும் நோர்அட்ரினலின் பொங்குகிறது. வியர்க்கிறது, கால் குடைகிறது, கண் மூட மறுக்கிறது. இரண்டு மூன்று நாளில் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் உடல்வலி தணியும். தூக்கம் மட்டும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இது தெரியாமல், “இனி எனக்குத் தூக்கமே கிடையாது” என்று மனம் உடைந்து மறுபடி தொட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல. மலேசியாவில் 1983இல் வந்த போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்துக்குப் பிறகு மறுவாழ்வு மையங்களுக்குப் போன நம் பையன்கள் மருந்தில்லாமல் நடுங்கித்தான் விட்டார்கள். 2005 முதல், ஹெரோயினுக்கு மாற்றாக டாக்டர் கொடுக்கும் மெத்தடோன் இருக்கிறது. அது உடம்பில் சேர்ந்து தங்கும் மருந்து, அதனால் அளவை மெல்லத்தான் ஏற்றுவார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீயாகக் கூட்டிக் குடித்துவிடாதே.

3. தூக்கத்துக்காக எதையும் கலக்காதே. சம்சு வேண்டாம், கூட்டாளி தரும் தூக்க மாத்திரை வேண்டாம், கெத்தும் இலைத் தண்ணியும் வேண்டாம். மெத்தடோனோடு இவை சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். ஒரு தோட்ட லயத்தில், இப்படிக் கலந்த மகன் குறட்டை விடுவதைக் கேட்டு, “இன்னைக்குத்தான் அசந்து தூங்குறான்” என்று தாய் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, முன் என்னைக் கூப்பிட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, உடம்பில் சூடில்லை. இழுத்து இழுத்துக் குறட்டை விட்டு, தட்டினாலும் எழாதவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து 999க்கு அழைக்க வேண்டும். இதை உன் வீட்டில் எல்லோருக்கும் இன்றே சொல்லி வை.

4. உண்மையைப் பேசு. தூங்கவில்லை என்றால் தூங்கவில்லை என்று டாக்டரிடம் சொல். தவறித் தொட்டுவிட்டால் அதையும் மறைக்காதே. சில நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. நம் ஆட்கள் பலர் போனது அப்படித்தான்.

5. எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும், பெரட்டு நேரத்துக்கே எழுந்து வெயிலில் நட. மத்தியானத்துக்குமேல் கோப்பி வேண்டாம். தூக்கம் பிடிக்காவிட்டால் பாயில் புரளாதே. எழுந்து உட்கார், யாரையாவது கூப்பிடு. நடுச்சாமமானாலும் என்னைக் கூப்பிடலாம்.

நாளைக் காலை அரசாங்கக் கிளினிக்குக்கு நானும் வருகிறேன். ஐசி அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வை.