ஒரு பயணமும் இரு நூல்களும்

கடல் கடந்து பொருள் தேடச் சென்றோர் பலர். அறிவு தேடச் சென்றோர் சிலர். அச்சிலருள்ளும், கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று, இன்பமும் துன்பமும் பகிர்ந்துகொண்டு, தாம் கண்டவற்றை இருவரும் தனித்தனியே நூலாக எழுதியமை மிக அரிது. ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஹென்றி போர்ப்ஸ், அவர்தம் மனைவி அன்னா போர்ப்ஸ் ஆகிய இருவரும் கீழ்த்திசைத் தீவுகளில் செய்த பயணம் அத்தகையதாகும்.

தீவுகள் நிறைந்த நாடு

இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே, நிலநடுக்கோட்டின் இருமருங்கிலும் 17,000-க்கு மேற்பட்ட தீவுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றைக் கொண்ட நாடே இந்தோனேசியா. அந்நாட்டின் சாவகத் தீவு தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியம் சாவக நாட்டைக் குறிப்பிடுகின்றது. 1945-ஆம் ஆண்டில் அந்நாடு தன் விடுதலையை அறிவித்தது. போர்ப்ஸ் இணையர் சென்ற காலத்தில் அத்தீவுகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன.

இயற்கை நூலார்க்கு அத்தீவுகள் ஒரு பெருங் கருவூலம். ஒரு தீவில் வாழும் பறவை அடுத்த தீவில் காணப்படாது. அதற்கு மாறாக வேறொரு பறவை வாழும். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் அறிஞர் 1854 முதல் 1862 வரை ஆங்குத் திரிந்து இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, 1869-இல் நூலாக வெளியிட்டார். அவர் சென்ற நெறியிலேயே ஹென்றி போர்ப்ஸும் 1878-இல் அத்தீவுகளை அடைந்தார். 1882-இல் அன்னா அம்மையார் கடல் கடந்து வந்து, இன்று ஜகார்த்தா என வழங்கும் பத்தேவியா நகரில் அவரை மணந்தார். அம்மையார் விரும்பியிருப்பின் நகரத்தில் நலமாகத் தங்கியிருக்கலாம். அவரோ கணவருடன் கப்பல் ஏறினார்.

சாதிக்காயின் தாயகம்

சுரபாயா, மக்காசர் முதலிய துறைகளைக் கடந்து கப்பல் கிழக்கு நோக்கிச் சென்றது. வழியில் பண்டாத் தீவுகள் தோன்றின. நம் வீடுகளில் மருந்தாகவும் மணப்பொருளாகவும் பயன்படும் சாதிக்காயின் பிறப்பிடம் அத்தீவுகளே. எரிமலை ஒன்று கடலினின்று நேரே எழுந்து நிற்க, அதன் எதிரே சாதிக்காய்த் தோப்புகள் பசுமையாக விளங்கும். ஓங்கி வளர்ந்த கனாரி மரங்கள் அத்தோப்புகளுக்கு நிழல் தரும். பழம் முற்றியதும் இரண்டாக வெடிக்கும். உள்ளே கரிய கொட்டையைச் செந்நிறச் சாதிபத்திரி வலைபோலப் போர்த்திருக்கும். இச்சிறு கொட்டைக்காகவே ஐரோப்பியர் பல தலைமுறைகள் தம்முட் போரிட்டனர் என்பதை எண்ணின் வியப்புத் தோன்றும்.

தனிம்பாரில் வாழ்க்கை

ஆம்போன் தீவினின்று இருவரும் தனிம்பார்த் தீவுக்கூட்டத்திற்குச் சென்று, லாராட் என்னும் தீவில் ரித்தாபெல் என்ற சிற்றூரில் தங்கினர். ஆங்குக் கப்பல் மாதக்கணக்கில் வாராது. மக்கள் கால்நட்ட உயர்ந்த வீடுகளில் வாழ்ந்தனர். சாம்பலும் சுண்ணாம்பும் தடவித் தலைமயிரைப் பொன்னிறமாக்கிக் கொள்வது ஆடவர் வழக்கம். அண்டை ஊர்களோடு தீராப் பகை நிலவியமையால், ஊர்வேலியைக் கடந்து காட்டிற்குள் செல்வதே இடராக இருந்தது.

அந்நிலையிலும் தொகுப்புப் பணி இடையறாது நடந்தது. பறித்த செடிகளைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துதல் வேண்டும். ஈரம் மிகுந்த அந்நாட்டில் வெயிலை மட்டும் நம்பினால் செடிகள் பூசணம் பூத்துவிடும். ஆகவே நெருப்பின் வெம்மையில் உலர்த்தினர். ஒருநாள் உலர்த்தும் குடிலில் தீப்பற்றியது. அரிதின் முயன்று திரட்டிய செடிகளுட் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆயினும் அவர்கள் மனந்தளர்ந்து திரும்பவில்லை. எஞ்சியவற்றைக் காத்தனர், மீண்டும் தொகுத்தனர். அவர்கள் அனுப்பிய பறவைகளுள் அறிவியலுலகம் அதுகாறும் அறியாத இனங்கள் இருந்தன.

தனிமையும் காய்ச்சலும்

பின்னர் இருவரும் தீமோர்த் தீவின் கிழக்குப் பகுதியை அடைந்தனர். அன்று போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த அப்பகுதி 2002-இல் தனிநாடாயிற்று. டிலி நகருக்கு மேலுள்ள மலைச்சரிவில் ஒரு குடிலில் அவர்கள் வாழ்ந்தனர். கணவர் உள்நாட்டு மலைகளை ஆராயச் சென்றிருந்தபோது, அம்மையார் தனித்திருந்து கடுங்காய்ச்சலால் வருந்தினார். முறைக்காய்ச்சல் நச்சுக் காற்றால் வருவது என்றே மக்கள் அக்காலத்தில் கருதினர். கொசுவே அதனைப் பரப்புகின்றது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897-இல். பகைவன் யாரென்றே அறியாது போர் புரிவோர் நிலையில் அவர் இருந்தார். உறவினர் இல்லை, மொழி புதிது, கணவர் திரும்பும் நாள் தெரியாது. அத்தனையையும் தாங்கி அவர் உயிர் பிழைத்தார்.

இரு நூல்கள்

1885-இல் ஹென்றி போர்ப்ஸ் தம் பயண நூலை வெளியிட்டார். செடி, பறவை, நிலம், மக்கள் பற்றிய செய்திகள் அதில் முறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. 1887-இல் அம்மையார் ‘இன்சுலிந்து’ என்னும் தம் நூலை வெளியிட்டார். அடுப்படி, அயலார் நட்பு, பெண்டிர் வாழ்க்கை, நோயின் வேதனை ஆகியன அதில் இடம்பெற்றன. முன்னதைக் கற்போர் அத்தீவுகளில் உள்ள பொருள்களை அறிவர். பின்னதைக் கற்போர் அவற்றைத் தேடுவதற்கு மனிதர் கொடுத்த விலையையும் அறிவர். அம்மையாரின் நூல் நூறாண்டுகளுக்குப் பின் 1987-இல் மீண்டும் அச்சேறியது.

அருங்காட்சியகங்களில் பாடம் செய்த பறவையையும் உலர்ந்த செடியையும் காண்கின்றோம். அருகே கண்டுபிடித்தவர் பெயர் பொறித்திருக்கும். அப்பெயருக்குப் பின்னே பெயர் பொறிக்கப்படாத உழைப்பும் உண்டு. வழிகாட்டிய தீவு மக்களின் உழைப்பு ஒன்று; நோயுற்றும் பணிக்குத் துணைநின்ற துணைவியின் உழைப்பு மற்றொன்று. அன்னா அம்மையார் எழுதுகோலை எடுத்தமையால் அவ்வுழைப்பு மறையாது நின்றது. அறிவைத் தேடுதல் சிறப்பு; அத்தேடலில் தோள்கொடுத்தோரை மறவாமை அதனினும் சிறப்பு.