தரங்கம்பாடியில் நடந்து கற்ற வரலாறு

ஒரகடம் சாலையில் புதுக் கார்களைச் சுமந்து துறைமுகத்துக்குச் செல்லும் நீண்ட லாரிகளை நாள்தோறும் காணும் எங்களுக்கு, துறைமுகம் என்றாலே கிரேன்கள்தாம் நினைவுக்கு வரும். தரங்கம்பாடியிலோ டேனியர் காலத்திலும் கப்பல்கள் கரையை அணைந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகோட்டிகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரை சேர்த்தனர்.

1792-இல் கட்டப்பெற்ற நகர வாயிலில் எங்கள் நடை தொடங்கியது. அங்கிருந்து கோட்டைக்கு நேரே ஒரு வீதி செல்கிறது. மெல்ல நடந்தாலும் கால் மணி நேரம் ஆகாது. ஆயினும் எங்களுக்கு அரை நாள் ஆயிற்று! காரணம், வழியிலுள்ள புதிய எருசலேம் ஆலயம். 1718-இல் எழுந்த இவ்வாலயத்தில்தான் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1706-இல் வந்திறங்கிய இந்த ஜெர்மானியர், மறு ஆண்டிலேயே பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்தறிவு பெண்களுக்கு எட்டாதிருந்த காலம் அல்லவா அது!

தமிழ் அச்சு அவருக்கு முன்பே பிறந்தது. 1578-இல் இயேசு சபைக் குரு என்றிக்கே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டார். ஆனால் அம்முயற்சி பின்னர் நின்றுபோயிற்று. தரங்கம்பாடிக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அருகில் காகிதப் பட்டறையும் அமைத்தனர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. இவரையே 1708-இல் டேனிய ஆளுநர் நான்கு மாதம் சிறையிலிட்டார் என்பது வியப்பே.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை, இன்று அருங்காட்சியகம். 1845-இல் டேனியர் இவ்வூரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் வணிகம் அங்கே சென்றுவிட்டது.

கோட்டைக்கு வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 சுனாமியும் இவ்வூரை விடவில்லை. எஞ்சிய சுவருக்கும் அலைக்கும் இடையே நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். பின்வரிசைக்கு இடம் போதவில்லை.