குறை போனில் இல்லை

வில்லியனூரில் வீடு, பாகூரில் அப்பாவின் உரக்கடை. கடையைச் சாத்திவிட்டு வந்தாலும் அவர் மனசு அங்கேயேதான் கிடக்கும். அதனால் கடையில் கேமரா வைத்து, போனிலேயே பார்க்க வழி செய்தேன். இரண்டு இடத்திலும் ஃபைபர் இணைப்பு. பழைய ஐபிவி4 முகவரி நமக்கென்று தனியாகக் கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகிறார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 2011 ஏப்ரலிலேயே அதன் கையிருப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பங்கு முகவரிக்குப் பின்னால் இருக்கும் கேமராவை வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் ஐபிவி6 வழியாகத் திறந்தேன். பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது.

வினை வீட்டில் இருந்தது. லேப்டாப்பில் கடை தெரிந்தது. அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில், வைஃபையில், வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் உடனே ஷட்டர் தெரிந்தது. போன் நன்றாக இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? இருந்தும், இணைப்பு கொடுத்த ஆள் வந்து, "போன் பழசு சார், மாத்திடுங்க" என்றதை நம்பினேன். என் பெரிய தப்பு அதுதான். நேரு வீதியில் பதினாலாயிரம் ரூபாய்க்குப் புது போன் வாங்கி, அன்றிரவே அப்பா கையில் கொடுத்தேன். அதே வட்டம். "இதுக்குப் பழசே தேவலாமேடா" என்றார்.

இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பார்த்தேன். இரண்டிலும் ஐபிவி6 என்று எஃப்இ80-இல் தொடங்கும் ஒரே வரிதான். அது வீட்டு வைஃபைக்குள் மட்டும் செல்லும் முகவரி. இணையத்துக்குப் போக 2-இல் தொடங்கும் முகவரி வேண்டும். லேப்டாப்பில் அது இருந்தது.

ரூட்டர் முகவரி கொடுக்க இரண்டு வழி உண்டு. டிஹெச்சிபிவி6 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டரே ஒதுக்கிக் கணக்கு வைக்கும். ஸ்லாக் முறையில் ரூட்டர் தெருப்பெயரை மட்டும் சொல்லும்; கதவெண்ணைக் கருவியே போட்டுக்கொள்ளும். விண்டோஸும் ஐபோனும் இரண்டுக்கும் ஒத்துவரும். ஆண்ட்ராய்டு முதல் முறையில் தனக்கு முகவரி வாங்காது. பழசு, புதுசு பேதமே இல்லை. 2012 முதல் பலர் கேட்டும், ஒரு கருவிக்கு ஒரே முகவரி என்று நெட்வொர்க்குகள் கட்டிப்போட்டால் ஹாட்ஸ்பாட் போன்ற வசதிகள் அடிபடும் என்று அதன் பொறியாளர்கள் மறுத்தார்கள். எங்கள் ரூட்டரில் டிஹெச்சிபிவி6 மட்டும் போட்டிருந்தது நான்தான். எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டேன். அந்த எண்ணம் தப்பு என்று இன்றும் ஒப்ப மாட்டேன். ஆனால் வீட்டில் ஆண்ட்ராய்டு இருந்தால் ஸ்லாக்கையும் போட்டே ஆக வேண்டும். போட்டேன், வைஃபையை அணைத்துத் திரும்பப் போட்டேன், பழைய போனிலேயே ஷட்டர் தெரிந்தது. அப்பா பூட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

உங்கள் வீட்டு மாடியில் இன்னொரு ரூட்டர் இருக்கலாம். இருந்தால் அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள். ஸ்லாக்குக்கு ஒரு முழு 64 பிட் தொகுதி வேண்டும். கம்பெனி ஒன்றுதான் கொடுத்திருந்தால் மாடிக்குத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது.

புது போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அந்த ஆள் அடுத்த மாதப் பணத்துக்கு வந்தபோது, உட்கார வைத்து ரூட்டர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பக்கத்துத் தெருவிலும் ஒரு வீட்டில் போனை மாற்றச் சொல்லியிருந்தாராம். காப்பியைக் குடிக்காமலே அங்கே கிளம்பினார்.