டேப்பட் கவரில் ஆயில் ஒழுகுகிறதா? பேக்கிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்!



எஞ்சினின் தலையில் மூடி போல உட்கார்ந்திருப்பது வால்வு கவர். ஒர்க்ஷாப்பில் இதற்கு ‘டேப்பட் கவர்’ என்றுதான் பெயர். அதன் அடியில் உள்ள பேக்கிங் ஒழுகினால், ‘சின்ன வேலைதானே’ என்று புதுசு ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறோம். பத்தே நாளில் வண்டி திரும்பி வருகிறது. ஏன்?

அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோனாலும் பாடம் படிக்க நல்ல எஞ்சின் அது. தகட்டில் அழுத்திச் செய்த கவர், இரண்டே நட்டு, அடியில் கார்க் பேக்கிங். டேப்பட் கிளியரன்ஸ் வைக்கும்போதெல்லாம் கவரைக் கழற்ற வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நான் இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஒர்க்ஷாப்புக்கு ஒரு டாக்சிக்காரர் வந்தார். வேறு இடத்தில் மூன்று தடவை பேக்கிங் மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. சூடான மேனிஃபோல்டில் ஆயில் சொட்டி ஒரே புகை. “சவாரி ஏறினவங்க பயந்து இறங்கிடுறாங்க தம்பி. வேலைக்கு விடுற ஒவ்வொரு நாளும் வருமானம் போச்சு” என்றார். மேஸ்திரி அண்ணன் செய்த சோதனைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒழுகும் இடம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது நன்றாகக் கழுவித் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட வேண்டும். ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும். ஆகவே நனைந்த இடங்களில் மிக மேலே இருப்பதே மூலம். இந்த எஞ்சினில் மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டிலும் சிறு கவர்கள் உண்டு. அவை ஒழுகினாலும் பழி மேல் கவருக்கு வந்துவிடும்!

2. உள் அழுத்தம்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு, பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான புகை சகஜம். குப்குப்பென்று அடித்தால் முதலில் பிரீதர் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் அடித்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம்.

3. கவரின் விளிம்பு: கண்ணாடிப் பலகையில் கவரைக் கவிழாமல் நேராக வைத்து, சுற்றிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் விளிம்பு வளைந்திருக்கிறது. மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்கலாம்.

4. நட்டின் ரப்பர் புஷ்: இது கல் மாதிரி இறுகியிருந்தால் நட்டு வழியாகவே ஆயில் கசியும்.

அந்த டாக்சியில் இரண்டு குறைகள்: பிரீதர் குழாய் முழுக்கக் கசடு, கவரின் விளிம்பும் வளைவு. “பேக்கிங் என்ன பண்ணும்? இறுக்கினவன் கைதான் காரணம்” என்றார் மேஸ்திரி. ஒழுகுதே என்று மேலும் மேலும் இறுக்கினால் கார்க் நசுங்கிப் பிதுங்கும், தகடு வளையும், ஒழுகல் அதிகமாகும்.

மாட்டும் முறை இதுதான். பழைய பேக்கிங் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் இரு பக்கமும் சுரண்டி, ஆயில் பிசுக்கு போகத் துடையுங்கள். சுரண்டிய தூள் ஹெட்டுக்குள் விழக்கூடாது. கவர் பக்கம் மட்டும் பசை. ஹெட் பக்கம் லேசாக கிரீஸ். அப்போதுதான் அடுத்த டேப்பட் செட்டிங்கில் பேக்கிங் கிழியாது. இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். இந்த வகை எஞ்சினுக்கு 4 அடி-பவுண்டு போதும்.

இன்றைய கார்களில் அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங், பல போல்ட்டுகள். மேனுவல் சொல்லும் வரிசையும் டார்க்கும்தான் அங்கே வேதம். சிலிகான் பேஸ்ட்டையும் அது காட்டும் மூலைகளில் மட்டும் வையுங்கள். அதிகமானால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் ஸ்டெயினரை அடைக்கும்.

நண்பர்களே, பேக்கிங் மாற்ற யாராலும் முடியும். அது ஏன் போனது என்று கண்டுபிடிக்கத்தானே நாம் டிப்ளமோ படிக்கிறோம்!