நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாத்தாவின் காசுப் பெட்டியை விற்பதற்கு முன்

வீட்டுப் பெரியவர் மறைந்தபின் பீரோவிலிருந்து வெளியே வரும் பொருள்களில் குடும்பத்தை அதிகம் குழப்புவது பழைய காசுகள்தான். நகை என்றால் எடை போட்டுப் பார்க்கலாம். நிலம் என்றால் பத்திரம் இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் சுருக்குப்பையிலும் ஆல்பத்திலும் கிடக்கும் இந்த ஓட்டைக் காலணாவுக்கும் விக்டோரியா ரூபாய்க்கும் என்ன மதிப்பு என்று யாரைக் கேட்பது? பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை. தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை. அந்த நேரத்தில், "இந்தக் காசு உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் கோடீஸ்வரர்!" என்று ஒரு யூடியூப் காணொளி கண்ணில் படுகிறது. பிறகு நடப்பதெல்லாம் பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. பழங்காசு விற்பதைப் பற்றி நம் ஊரில் உலவும் நம்பிக்கைகளில், விற்பவரின் பணத்தையோ பொருளையோ கெடுக்கக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"நூறு வருஷத்துப் பழசு, லட்சத்துக்குக் குறையாது"

காசின் வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா வெள்ளி ரூபாய் தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் இருக்கிறது. காரணம், அந்த ஆண்டைப் போட்டே அடுத்த பல ஆண்டுகளுக்கும் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். 1840 என்று பொறித்த ரூபாய்க்கும் இதே கதைதான். ஆனால் 1862 ரூபாயைவிட முக்கால் நூற்றாண்டு இளையதான, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 வெள்ளி ரூபாயைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அது கிடைப்பது அரிது. அதனாலேயே 1938 என்பதில் கடைசி எண்ணைத் திருத்தி 1939 ஆக்கிய போலிகளும் சுற்றுகின்றன.

புதுக்கோட்டைப் பக்கம் 'அம்மன் காசு' இல்லாத பழைய வீடு குறைவு. சிறிய செப்புக் காசு. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் சமஸ்தானத்தார் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த காசு அது. அதன் வரலாறு எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் அடித்தது ஏராளம், மிஞ்சியதும் ஏராளம் என்பதால் சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை. இந்தக் காசை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, விற்காமல் ஆளுக்கு ஒன்றாகப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பதுதான்.

ஆண்டைத் தப்பாகப் படிப்பதும் உண்டு. காந்தி உருவம் போட்ட 20 பைசாவில் 1869–1948 என்று இருக்கும். அது காந்தியடிகள் பிறந்த, மறைந்த ஆண்டுகள். காசு வெளிவந்தது அவருடைய நூற்றாண்டான 1969-இல். நேரு உருவம் போட்ட ரூபாயிலும் ஐம்பது பைசாவிலும் இருக்கும் 1889–1964 என்பதும் அப்படியே. இவற்றை 'வெள்ளைக்காரன் காலத்துக் காசு' என்று நினைத்து வங்கி லாக்கரில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பித்தளை நிறத்தில் தாமரை போட்ட 20 பைசாவும் 1968 முதல் வந்ததுதான். லட்சுமி பூஜைக்கு நூற்றெட்டு என்று கேட்டு வாங்குபவர்கள் இருப்பதால் சேர்த்து விற்றால் கொஞ்சம் பணம் வரும். அவ்வளவுதான்.

"வைஷ்ணோ தேவி காசுக்குப் பத்து லட்சம், ரிசர்வ் வங்கியே வாங்குகிறது"

மற்ற பல நம்பிக்கைகளால் வருவது விலை குறைவு மட்டும்தான். இது கையிலிருக்கும் பணத்தையும் பறித்துவிடும்.

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகள் 2012-இல் புழக்கத்துக்கு விட்டவை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் வந்த ஐந்து ரூபாயும் அப்படியே. சில்லறையோடு சில்லறையாக நம் கைக்கு வந்த காசுகள் இவை. தேய்ந்துபோன நிலையில் அவற்றின் மதிப்பு, மேலே எழுதியிருக்கும் மதிப்புதான்.

மோசடி நடக்கும் விதம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. காசின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். சில நிமிடத்தில், "உங்கள் காசு தேர்வாகிவிட்டது, பன்னிரண்டு லட்சம்" என்று பதில் வரும். ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு ஒரு கடிதம், அடையாள அட்டை ஒன்று, கட்டுக்கட்டாகப் பணத்தின் படம். அதன்பின் பதிவுக் கட்டணமாக ஒரு சிறு தொகை. அதைக் கட்டியதும் ஜிஎஸ்டி. அதைக் கட்டியதும் தடையில்லாச் சான்று. பிறகு, பணம் கொண்டுவரும் வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள், அதை விடுவிக்க ஒரு தொகை. கட்டியது போய்விடுமே என்ற பயத்திலேயே மேலும் மேலும் கட்டுகிறார்கள். ஓய்வூதியப் பணத்தை இப்படி இழந்தவர்கள் வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். அவர்கள் கூச வேண்டியதில்லை. தேர்ந்த ஏமாற்றுக்காரர்கள் குறிவைத்து அடிக்கும் வேலை இது.

பழைய நோட்டு, காசு வாங்கும் விற்கும் வேலையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே வெளியிட்டது. காசு விற்கிறவருக்குத்தான் பணம் வர வேண்டும். விற்கிறவரிடமே முன்பணம் கேட்கிறவர் வியாபாரி அல்ல. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், நாள் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உடனே சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு உண்டு.

"கொஞ்சம் பளபளப்பாக்கினால் நல்ல விலை போகும்"

நல்லெண்ணத்தோடு செய்யும் பெருங்கேடு இது. செப்புப் பாத்திரம் என்றால் புளி, வெள்ளி விளக்கு என்றால் விபூதி, அவசரத்துக்குப் பற்பசை. நம் வீட்டுக் கைகளுக்குத் தானாக வரும் பழக்கம். காசில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

பழைய வெள்ளி ரூபாயின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்த சாம்பல் நிறமும், ஓரங்களில் தெரியும் நீலமும் பொன்னிறமும் அழுக்கு அல்ல. அது உலோகத்தின் இயற்கையான மேல்படிவு. யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சேகரிப்பாளர் பணம் கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான். விபூதியால் தேய்த்த காசை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தலை முழுக்க ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். ராணியின் கிரீடத்திலும் ஆடையிலும் இருந்த நுண்வேலைப்பாடு மழுங்கியிருக்கும். புளியில் ஊறிய செப்புக் காசு இளஞ்சிவப்பாக மாறிவிடும். வாங்குபவர் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார். நல்ல நிலையில் இருந்த காசைச் சாதாரணக் காசின் விலைக்கு இறக்க ஐந்து நிமிடத் தேய்ப்பு போதும். போன பொலிவை எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆல்பத்தில் இருப்பவற்றையும் ஒருமுறை பாருங்கள். பழைய மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுக்கும்; காசின் மேல் பச்சையாக ஒட்டும் படலம் உருவாகும். அப்படிக் கண்டால் காசை உறையிலிருந்து எடுத்து, அமிலம் இல்லாத காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். துடைப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தூக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

"வெள்ளிக்காசுதானே, நகைக்கடையில் போட்டால் போயிற்று"

இதில் பாதி உண்மை இருக்கிறது. 1862 முதல் 1939 வரையிலான ரூபாய்க் காசு 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயிலோ பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல். இந்த மூன்று வரியைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலே நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

1940-களின் தேய்ந்த ரூபாய்கள் நிறைய இருந்தால், வெள்ளி விலை ஏறியிருக்கும் நாளில் உலோக மதிப்புக்கே கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் தராசில் கொட்டாதீர்கள். 1939-ஐப் பற்றி மேலே சொன்னேன். 1911 ரூபாய் இன்னொன்று. ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே வடிவத்தை மாற்றினார்கள். உருக்குகிறவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. உருகிய காசு திரும்பி வராது.

தீபாவளிக்கும் கல்யாணச் சீருக்கும் வெள்ளிக்கடைகளே விக்டோரியா தலை போட்டு அடித்து விற்ற காசுகளும் பெட்டியில் கலந்திருக்கலாம். எடை 11.66 கிராமுக்கு வெகுவாகக் கூடினாலோ குறைந்தாலோ, எழுத்துகள் பொங்கி மங்கலாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

"ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு"

1818 என்று ஆண்டும், ஒருபுறம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபுறம் கம்பெனியின் பெயரும் கொண்ட 'ஒரு அணா' செப்புக் காசுகள் பிற்காலத்தில் செய்தவை. கம்பெனி அவற்றை வெளியிடவே இல்லை. சென்னையில் கம்பெனி அடித்த பகோடாக்களில் தெய்வ உருவம் உண்டு என்பது உண்மை. அவை வேறு வகை. இதே 1818 காசு அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, விண்வெளி ஆராய்ச்சிக்கு வாங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 'ரைஸ் புல்லர்' என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ வழக்குகள் பதிவாகியும் இந்த மோசடி இன்னும் ஓயவில்லை.

"வெளிநாட்டில் விற்றால் டாலரில் கொட்டும்"

நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டுபோகவோ முடியாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை. சிங்கப்பூருக்குப் போகும் மருமகனின் பெட்டியில் நான்கு காசு போட்டுவிடுவது விளையாட்டுக் காரியம் அல்ல. கிணறு தோண்டும்போதோ ஆற்றுமணலிலோ கிடைத்த காசு என்றால் அது உங்கள் சேகரிப்பில் சேராது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

வரியையும் மறக்க வேண்டாம். பூஜைக்கு வைத்திருந்த தங்க, வெள்ளிக் காசுகளானாலும் அவை வரிவிலக்குப் பெற்ற சொந்த உபயோகப் பொருள்கள் ஆகா என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொல்லிவிட்டது. பெரிய தொகை வரும்போல் இருந்தால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

"கேட்டலாக்கில் போட்டிருக்கும் விலை கிடைக்கும்"

கேட்டலாக் விலை, கடைக்காரர் உங்களுக்கு விற்கும் விலை. உங்களிடம் வாங்கும்போது அதைவிட நன்றாகக் குறைத்துத்தான் கேட்பார். வாங்கிய காசை மாதக்கணக்கில் அவர் வைத்திருந்து விற்க வேண்டும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவர் நல்ல காசுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடமே விட்டுப்போவதுதான் உண்மையான இழப்பு. மொத்தத்துக்கும் ஒரே விலை பேசுங்கள், அல்லது நல்லவற்றை நீங்களே முதலில் தனியாக எடுத்துவிடுங்கள்.

எது நல்லது என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காசின் மதிப்பு, ஆண்டு, எடை, ஆண்டுக்குக் கீழே இருக்கும் சிறு குறி ஆகியவற்றை எழுதுங்கள். அண்மைக் காலக் காசுகளில் குறி வைரவடிவம் என்றால் மும்பை அக்கசாலை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அந்தப் பட்டியலோடு சென்னையிலும் கோவையிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிக்குப் போய், குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள். மூவரும் ஒரே காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அதை அன்றைக்கே விற்காதீர்கள். அத்தகைய காசுக்கு மும்பையிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் இருக்கும் நாணய ஏல நிறுவனங்கள்தான் சரியான இடம். கமிஷன் பிடிப்பார்கள், பணம் வரச் சில மாதம் ஆகும். ஆனாலும் அரிய காசுக்கு நியாயமான விலை அங்கேதான் கிடைக்கும். சாதாரணக் காசுகளை உள்ளூர் வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை ஏலத்துக்கு அனுப்புவது வீண்செலவு.

உடன்பிறந்தவர்கள் இருந்தால் பட்டியலின் நகலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள். பட்டியல் முடியும்வரை காசைத் தேய்க்க வேண்டாம், உருக்க வேண்டாம், விற்றுத் தருகிறேன் என்பவர் யாருக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.